பூட்டாமல் போன கம்ப்யூட்டர்காரன்

"யாருங்க உங்களை இதுல கை வைக்கச் சொன்னது?"

குடையைக்கூட மடக்கவில்லை. ஒரு செருப்பு வாசலுக்கு வெளியே, இன்னொன்று உள்ளே. அவள் போட்ட சத்தத்தில், கூடத்து மூலையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் குனிந்திருந்த முதுகு திடுக்கிட்டு நிமிர்ந்தது.

முன்பின் தெரியாத முதுகு. திரும்பியபோது முன்பின் தெரியாத முகம். மூக்கு நுனியில் தூசி, கையில் சின்ன பிரஷ்.

"உங்க அப்பாதாங்க கூப்பிட்டார். ரொம்ப ஸ்லோவா இருக்கு, சுத்தம் பண்ணிக் கொடுன்னு..."

"தூசி தட்டத்தானே கூப்பிட்டார்? குடித்தனத்தையே கலைச்சுப் போடச் சொன்னாரா?"

அவன் திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்! சிதறிக் கிடந்த படங்களை எல்லாம் ஒரே சொடுக்கில் அகர வரிசையில் நிறுத்தி வைத்திருந்தான். வேறு எந்த வீட்டிலும் அதற்கு நன்றி சொல்வார்கள்.

இந்த வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்று, ஆள் நாலு. அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். "ஒருத்தர் இறங்கினாத்தான் ஒருத்தர் ஏறணும்" என்பது அவர் போட்ட சட்டம். திரையின் மேல் இடது மூலை அவருடையது, அதில் பழைய பாட்டுகள். மேல் வலது அம்மாவுக்கு, அதில் திரைச்சீலையும் தலையணை உறையும் தைக்கிற வீடியோக்கள். கீழ் இடது அண்ணன், முழுக்க விளையாட்டு. கீழ் வலது அவள். பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் நின்று வருகிறவர்களுக்குக் கண் பரிசோதனை செய்துவிட்டு, மாலையில் வந்து படிக்கிற பாடங்கள் அந்த மூலையில்தான். கோடு ஒன்றும் போட்டிருக்கவில்லை. ஆனாலும் ஒருவர் எல்லைக்குள் இன்னொருவரின் ஒரு படம் நகர்ந்து வந்தால் அன்றைக்கு வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வந்ததும் வராததுமா ஏன் பாப்பா கத்துற? அந்தத் தம்பி வந்ததிலேருந்து தண்ணிகூடக் குடிக்கலை."

"பாப்பாவா?" அவன் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"வீட்டுல கூப்பிடுறது. நீங்க சிரிக்க வேண்டியதில்லை."

"சிரிக்கலைங்க... பாப்பா மேடம்."

அவளுக்கு வந்த கோபத்தில் அவன் தலையில் குடைத் தண்ணீரை உதறியிருப்பாள். அதற்குள் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு தப்பு செய்த பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். "ஒவ்வொருத்தரா வாங்க. யார் சாமான் எங்கே இருந்ததுன்னு சொல்லுங்க. இருந்த இடத்துலயே வச்சுட்டுத்தான் எழுந்திருப்பேன்."

வைத்தான். பொறுமையாக, ஒன்றொன்றாக. அப்பாவின் பாட்டு மூலையில் எது எதற்குப் பக்கத்தில் என்று அவரே மறந்துபோனதைக்கூடக் கேட்டுக் கேட்டு வைத்தான். கடைசியாக அவள் முறை வந்தது. பின்னால் நின்று கைகாட்டினாள். தலையை லேசாக வலப்பக்கம் சாய்த்துத் திரையைப் பார்த்தான் அவன். இடது கண்ணில் கொஞ்சம் பவர் இருக்கிறது, தெரியாமலே காலம் தள்ளுகிறான் என்று அவளுடைய தொழில் புத்தி சொன்னது. நாளொன்றுக்கு எத்தனை கண்களைக் கிட்டத்தில் பார்க்கிறாள்! ஒன்றுகூட வீடுவரை கூட வந்ததில்லை. இந்தக் கண்கள் மட்டும்... கரியவை, கொஞ்சம் களைத்தவை, திட்டு வாங்கிய பிறகும் சிரிப்பை எங்கேயோ ஒளித்து வைத்திருப்பவை... சே, என்ன நினைப்பு இது!

"சரி, ஏன் ஸ்லோன்னு கண்டுபிடிச்சீங்களா இல்லையா?" என்றாள், குரலில் வேண்டுமென்றே கடுமையை ஏற்றிக்கொண்டு.

"கண்டுபிடிச்சேன். ஆனா அதை எல்லாரையும் வச்சுத்தான் சொல்லணும்."

குடும்பம் கூடியது. வைரஸ் வராமல் காக்கிறேன், வேகத்தைக் கூட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நாலு புரோகிராம்கள் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன என்றான். ஒரு வீட்டுக்கு ஒரு காவல்காரன் போதும். நாலு பேர் இருந்தால் ஒருவனை ஒருவன் திருடன் என்று நினைத்துத் துரத்திக்கொண்டே இருப்பான். வீட்டு வேலை எப்படி நடக்கும்?

"யார் போட்டது?" அப்பா கேட்டார்.

 அண்ணன் தொண்டையைச் செருமினான். அம்மா முந்தானையைத் திருகினாள். அப்பா கூரையைப் பார்த்தார். அவள் தன் கால் விரலைப் பார்த்தாள். ஆளுக்கொன்று, யாருக்கும் சொல்லாமல், மற்ற மூவரும் கஷ்டப்படுகிறார்களே என்று இரக்கப்பட்டு ஏற்றி வைத்தது!

முதலில் சிரித்தது அப்பாதான். அப்புறம் எல்லோரும். அவனும் வாய்விட்டுச் சிரித்தான். மூன்றைக் கழற்றி ஒன்றை விட்டான், உள்ளே படிந்திருந்த தூசியை ஊதி எடுத்தான். பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்து, தலை துவட்டி, டீ குடித்துவிட்டு வந்தால்தான் கண் விழிக்கும் கம்ப்யூட்டர், அழுத்திய கை எடுப்பதற்குள் பளிச்சென்று எழுந்து நின்றது.

"இனிமே நான் வர வேண்டிய வேலையே இருக்காது சார்," என்று பையைத் தோளில் மாட்டினான். சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய அந்த வாக்கியத்தை ஏனோ மெதுவாகச் சொன்னான். வாசலில் மழை பிடித்திருந்தது. குடை இல்லாமல் இறங்கி நடந்தவனை அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். தெருமுனையில் அவன் திரும்பிப் பார்த்தான். மழையில் சரியாகத் தெரியவில்லை... ஆனால் பார்த்தான்.

அன்றிலிருந்து வீட்டில் அந்தக் கம்ப்யூட்டரின் புகழ்தான். மின்னல் என்றான் அண்ணன். எக்ஸ்பிரஸ் என்றார் அப்பா. அவளுக்கு மட்டும் அது வேகமாக எழும்போதெல்லாம் எரிச்சல் வந்தது. எங்கேயாவது கொஞ்சம் தடுக்கினால் என்ன? ஒரு நாள், ஒரே ஒரு நாள் மூச்சு வாங்கினால் என்ன?

அதற்கப்புறம் அவள் செய்ததற்கு எந்த நியாயமும் கிடையாது. அவளே பின்னால் எத்தனையோ தடவை தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு விடுமுறைக் காலையில், கழற்றிப் போட்ட காவல்காரர்களில் ஒருவனைத் தேடிப்பிடித்து மறுபடி ஏற்றினாள். கம்ப்யூட்டர் சொன்னபடி தள்ளாட ஆரம்பித்தது. போனை எடுத்தாள். அவன் எண்ணை அழுத்தினாள்.

"ஹலோ... நான்தான்... மறுபடி ஸ்லோவாயிடுச்சு."

"எந்த வீடு?" என்று கேட்காமலே, "இதோ வர்றேன் மேடம்," என்றான் அவன்.

வந்தான். பார்த்தான். திரையில் ஏதோ ஒரு பட்டியலைத் திறந்து மேலும் கீழும் ஓட்டினான்.

"இதை யார் போட்டாங்கன்னு தெரியுமா?"

"தெரியலையே..." அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"சரி, யாரோ," என்றான். அந்த 'யாரோ'வில் ஒரு சிரிப்பு இருந்ததோ? அவளுக்கு அப்போது புரியவில்லை. அவள் போட்டுக் கொடுத்த டீயை அவன் ஆற ஆற வைத்துக் குடித்தான். அவளுடைய பாடப் புத்தகத்தைப் புரட்டி, கண்ணின் படத்தைப் பார்த்து, "இவ்வளவு சாமானா இதுக்குள்ள இருக்கு? இதுல யாரும் கூடுதலா ஒண்ணு ஏத்தலையே, பரவாயில்லை," என்றான்.

"உங்களுக்கு இடது கண்ணுல பவர் இருக்கு."

"இருந்தா என்ன? உங்களைப் பார்க்கிறதுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லையே..." சொல்லிவிட்டு அவனே பதறிப்போனான். காது மடல் வரை சிவந்து, ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டு, அதைத் தேடுகிற சாக்கில் மேஜைக்கடியில் வெகுநேரம் இருந்தான். அம்மா வந்து, "என்ன தம்பி தேடுற?" என்று கேட்டபோது அவள் சிரிப்பை அடக்கச் சமையலறைக்கு ஓட வேண்டியிருந்தது.

மூன்றாவது முறை கூப்பிட்டபோது நல்ல மழை. நனைந்து வந்தவனுக்கு அவள் துண்டு எடுத்துக் கொடுத்தாள். வாங்கும்போது விரல் பட்டது. இருவரும் வேலையைப் பற்றி மட்டுமே பேசினார்கள். போகும்போது வாசலில் நின்று, "ஒரு நாள் உங்க கடைக்கு வந்து கண்ணைக் காட்டிக்கட்டுமா?" என்றான். "வாங்க," என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு 'வாங்க'வை வைத்துக்கொண்டு அவள் ஒரு வாரம் பறந்தாள்.

ஆனால் கண்டக்டர் கண்ணுக்குத் தப்பி யார் பயணம் செய்ய முடியும்? நெரிசலில் நின்றபடியே யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று மூக்கால் கண்டுபிடித்தவர் அப்பா. நாலாவது முறையாகக் கம்ப்யூட்டர் தள்ளாடியபோது அவர் போன் செய்யவில்லை. சட்டையை மாட்டினார்.

"பாப்பா, அந்தப் பெட்டியைத் தூக்கிக்கோ. ஸ்கூட்டர்ல ஏறு."

"எங்கேப்பா?"

"அவன் கடைக்கு. எடுக்கிற புரோகிராமை அவனே திரும்ப வச்சுட்டுப் போறான். எனக்கே காது குத்தப் பார்க்கிறானா?"

வழி முழுதும் மழைக்கோட்டில் சுற்றிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது சொல்லிவிடலாம். அடுத்த திருப்பத்தில் சொல்லிவிடலாம். சிக்னலில் வண்டி நிற்கும்போது... சிக்னல் விழுந்தது, வண்டி நின்றது, மறுபடி கிளம்பியது. சொன்னால் 'ஏன் போட்டாய்' என்று கேட்பாரே. அதற்கு என்ன சொல்வது? ஒரு பெண் தன் வாயால் எப்படிச் சொல்வது, அவன் வரட்டும் என்றுதான் என்று? மானம் போகாதா? அவள் அப்படித்தான் நினைத்தாள். அடுத்தவன் மானத்தைப் பற்றி அந்தத் திருப்பங்கள் எதிலும் நினைக்கவில்லை.

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அப்பா பெட்டியை மேஜைமேல் வைத்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"வேலை குறைஞ்சா நோயை நீங்களே கொடுத்து மருந்தையும் நீங்களே கொடுப்பீங்களோ? இதுக்குப் பேரு என்ன தெரியுமா தம்பி? வீட்டுக்குள்ள விட்டவனை ஏமாத்துறது!"

அவன் உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அப்பாவைப் பார்த்தான். பிறகு அவளை.

கடையை நடத்தும் அம்மாள் எழுந்து வந்தாள். கண்டிப்பான பெண்மணி. பெட்டியை இணைத்து, ஓட்டிப் பார்த்து, உதட்டைக் கடித்தாள். "பூட்டுப் போட்டியா நீ?" என்று அவனைக் கேட்டாள். அப்பா பக்கம் திரும்பி விளக்கினாள்: "எந்த வீட்டுக் கம்ப்யூட்டரா இருந்தாலும் வேலை முடிஞ்சதும் ஒரு பாஸ்வேர்ட் வச்சு, அதை வீட்டுப் பெரியவங்க கையில கொடுத்துட்டுத்தான் வரணும். அது தெரியாம யாரும் புதுசா எதையும் ஏத்த முடியாது. இது எங்க கடை வழக்கம் சார்." பிறகு மறுபடி அவனிடம், "போட்டியா?"

"இல்லைம்மா."

"மறந்துட்டியா?"

"இல்லை."

"பின்னே ஏன்?"

 அப்பாவுக்குப் பின்னால் நின்ற அவளையே பார்த்துக்கொண்டிருந்தான் அவன். கேட்கவுமில்லை, கெஞ்சவுமில்லை. வெறுமனே பார்த்தான். கடை முழுவதும் அவன் வாயைப் பார்க்க, அவன் மட்டும் அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் தரையைப் பார்த்தாள்.

"என் தப்புதாம்மா," என்றான் அவன். "மன்னிச்சுக்கோங்க சார்."

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வண்டி ஓட்டினார். அவள் மடியில் பெட்டி. அதற்கு இப்போது பூட்டு இருந்தது.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் ஒருநாளும் மெதுவாகவில்லை. கண்ணாடிக் கடையில் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். யார் யாரோ வந்தார்கள். கண்ணைக் காட்டிக்கொள்ள வருகிறேன் என்றவன் வரவில்லை. எந்த முகத்தோடு வருவான்? எந்த முகத்தோடு இவள் போவாள்? இரண்டு முறை அந்தக் கடைத்தெரு வரைக்கும் போய்விட்டு, எதிர்ச் சாரியில் நின்றுவிட்டுத் திரும்பினாள். மழைக்காலம் முடிந்து, வெயில் வந்து, மறுபடி மழை தொடங்கியது. செய்யாத குற்றத்தை ஒருவன் எனக்காக ஏற்றுக்கொண்டான், நான் ஊமையாக நின்றேன்... சாப்பிடும்போதும் அதே நினைப்பு, தலை வாரும்போதும் அதே நினைப்பு. அம்மா இரண்டு தரம், "உடம்புக்கு என்ன பாப்பா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒரு மதியம் கதவு திறந்தது. வந்தது கம்ப்யூட்டர் கடை அம்மாள். கிட்டத்துப் பார்வை மங்கலாம்.

அம்மாளை நாற்காலியில் உட்காரவைத்து, சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டாள். அம்மாளுக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது.

"கண்டக்டர் சார் பொண்ணுதானே நீ? அந்தப் பையனை அன்னைக்கே நிறுத்திட்டேன். நல்ல வேலைக்காரன்மா. ஆனா வீட்டுக்குள்ள போற தொழில். ஏமாத்துறவன்னு ஒரு தடவை பேர் விழுந்துட்டா யார் கதவைத் திறப்பாங்க? ஏன்டா பூட்டலைன்னு எத்தனையோ தடவை கேட்டேன். வாயையே திறக்கலை."

வில்லையைப் பிடித்திருந்த கை நின்றுபோயிற்று.

"இப்போ... எங்கே இருக்கார்?"

"பொது நூலகத்துல பழைய கம்ப்யூட்டரெல்லாம் சரி பண்ணிட்டிருக்கானாம். நாளையோட முடியுதுன்னு சொன்னாங்க. அப்புறம் வேற ஊர் நூலகம். சுத்திக்கிட்டே இருக்கிற வேலை. என்னம்மா, கண்ணாடியை எனக்குப் போட்டுட்டு நீ அழுற? எனக்கு இப்போதான் எல்லாம் நல்லாத் தெரியுது!"

அன்று மாலை அப்பா பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் போய் அதை நிறுத்தினாள். அந்த வீட்டில் யாரும் செய்யாத காரியம்.

"அப்பா... அதை ஏத்தினது நான்தான். ஒவ்வொரு தடவையும் நான்தான்."

அப்பா நாற்காலியைத் திருப்பினார். "நீயா? ஏன்?"

 தையல் மெஷினில் இருந்த அம்மா ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள். "ஏன்னு வேற கேட்குறீங்க. கம்ப்யூட்டர் கெட்டுப்போனா இந்த வீட்டுல யாராவது தலை பின்னிப் பொட்டு வச்சுக்கிட்டு உட்காருவாங்களா?"

அப்பா கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். முகம் சுருங்கிப்போயிருந்தது.

"டிக்கெட் வாங்கினவனைப் பிடிச்சு நடுரோட்டுல இறக்கி விட்டுட்டேனே பாப்பா..."

"நான் போய்ச் சொல்லிடறேன்ப்பா."

"உன் பங்கை நீ சொல்லு. நான் நாலு பேர் முன்னாடி கத்தினேன். நாலு பேர் இருக்கிற நேரமாப் பார்த்துப் போய் அந்தக் கடையில நான் சொல்லணும்." எழுந்து உள்ளே போனவர் நின்று, திரும்பாமலே கேட்டார். "அன்னைக்கு என் பின்னாடியே உட்கார்ந்திருந்தியே. ஒரு தட்டுத் தட்டி, 'அப்பா, வண்டியை நிறுத்துங்க'ன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"



மறுநாள் நூலகத்துக்குள் நுழைந்தபோது வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நீளமான கூடம். செய்தித்தாள் விரித்த பெரியவர்கள், புத்தகத்தில் தலை கவிழ்ந்த மாணவர்கள். வாசல் மேஜையில் நூலகர் அம்மாள் உதட்டில் விரல் வைத்தே பிறந்தவள்போல இருந்தாள். கடைசி வரிசையில் திறந்து போட்ட பெட்டிகளுக்கு நடுவில், தரையில் மண்டியிட்டு அவன். கண்ணாடி போட்டிருந்தான். வேறு யாரோ பரிசோதித்து, வேறு யாரோ கொடுத்த கண்ணாடி. 

நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான். அந்தக் கண்கள்... அதே கரிய கண்கள். சிரிப்பை மட்டும் எங்கேயோ தொலைத்திருந்தன.

"கொஞ்சம் வெளியே வர்றீங்களா? பேசணும்."

"வேலை இருக்குங்க," என்றான் தாழ்ந்த குரலில். "சாயந்திரம் பஸ்."

'மேடம்' இல்லை. 'பாப்பா மேடம்' இல்லவே இல்லை. அவளும் தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தான் ஏத்தினேன்," என்று கிசுகிசுத்தாள்.

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"முதல் தடவையே. ஏத்தின நேரம் உள்ளே பதிவாகும். நீங்க போன் பண்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஏத்தியிருந்தது. போன் பண்ணினது நீங்க."

அவள் முகம் சுட்டது. "தெரிஞ்சும் எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டீங்களே... வேலையை விட்டீங்களே..."

"உங்களுக்காகன்னு யார் சொன்னது?" அவன் ஒரு திருகாணியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் பொய் சொல்லலை. உங்க அப்பா சொன்னதுல பாதி நிஜம். மறுபடி கூப்பிடணும்னுதான் நான் பூட்டலை. எல்லா வீட்டுலயும் பூட்டியிருக்கேன். உங்க வீட்டுல ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் கேட்கிற கட்டம் வரைக்கும் போய்... மூடிட்டு வந்துடுவேன். பூட்டினா நீங்க ஏத்த முடியாது. நீங்க ஏத்தலைன்னா நான் வர முடியாது."

 "அப்போ நீங்களுமா...?" சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று குரலோடு சேர்ந்து வந்துவிட்டது. நூலகர் "ஷ்" என்றாள்.

"சிரிக்காதீங்க," என்றான் அவன். "நான் என் பாதியை அன்னைக்கே சொல்லிட்டேன். நாலு பேர் முன்னாடி, என் தப்புன்னு. உங்க பாதிக்காகத்தான் உங்களைப் பார்த்துட்டு நின்னேன். நீங்க தரையைப் பார்த்தீங்க." குரல் லேசாக உடைந்தது. "வாயைத் திறந்து சொல்லக்கூட வேண்டாம். நிமிர்ந்து பார்த்திருந்தா போதும். வேலை போனதுகூட ஆறிடுச்சுங்க. அது ஆறலை."

அவளிடம் நூறு காரணங்கள் இருந்தன. பயம், வெட்கம், அப்பா. ஒன்றைக்கூட எடுத்து நீட்ட மனம் வரவில்லை. அவன் பெட்டியின் மூடியைப் பொருத்தித் திருகாணியைத் திருக ஆரம்பித்தான். பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம். அவள் எழுந்தாள். ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. நடந்தாள். ஒரு வரிசை, இரண்டு வரிசை... இப்படியே போய்விட்டால் இவன் சாயந்திரம் பஸ் ஏறிவிடுவான். பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவள், பேசக்கூடாத இடம் என்பதற்காக இன்றைக்கும் மூடிக்கொண்டு போகிறதா?

கூடத்தின் நடுவில் நின்று திரும்பினாள்.

"அந்தக் கம்ப்யூட்டரைக் கெடுத்தது நான்!"

செய்தித்தாள்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. நூலகரின் விரல் உதட்டுக்குப் போகும் வழியில் பாதியில் நின்றது.

"அதோ, அங்கே உட்கார்ந்திருக்காரே, அவர் யாரையும் ஏமாத்தலை! அவர் மறுபடி வரணும்னு நான்தான் கெடுத்தேன். அவரைத் திருடன் மாதிரி நிக்க வச்சப்போ பயந்துக்கிட்டு தரையைப் பார்த்தேன். நான் செஞ்சதுலயே பெரிய தப்பு அதுதான்..." மூச்சு வாங்கியது. கண்ணில் நீர் முட்டி, அத்தனை முகங்களும் கலங்கித் தெரிந்தன. ஒரு முகத்தை மட்டும் விடாமல் பார்த்தாள். இந்தத் தடவை பார்வையை இறக்கவில்லை. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க! முதல் நாள் திட்டினேனே, அப்பவே பிடிச்சிருந்தது!"

 அவன் எழுந்து நின்றிருந்தான், கையில் ஸ்க்ரூடிரைவரோடு. மெல்ல நடந்து வந்தான். அவள் முன்னால் வந்து கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். கண்ணாடியில் ஈரமில்லை.

"ரொம்ப லேட்டுங்க," என்றான்.

"தெரியும்."

"எனக்குக் கோபம் அப்படியேதான் இருக்கு."

"ம்..."

"சீக்கிரம் போகும்னும் தோணலை. இந்தத் தடவை போனா எப்போ இந்த ஊர் திரும்புவேன்னும் தெரியலை." நிறுத்தினான். பக்கத்து மேஜைப் பெரியவர் கேட்பதற்காகவே கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "உங்களைப் பிடிச்சிருக்கிறதும் அப்படியேதான் இருக்கு. எத்தனையோ தடவை அந்தக் கோபத்தை எடுத்துப் போட்டுடலாம்னு உட்கார்ந்தேன். அதை எடுத்தா பிடிச்சிருக்கிறதும் சேர்ந்து போயிடுமோன்னு பயம்... அதனால ரெண்டையும் எடுக்கலை."

அவள் அழுதுகொண்டே தலையசைத்தாள்.

"எடுக்காதீங்க," என்றாள். "கோபமும் இருக்கட்டும்."